கரையோரக் கனலும் கண்ணாடிப் பெட்டியும்

இருட்டுகிற நேரத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியிலிருந்து விம்கோ நகர்வரை நடந்து போகிறவர் முதலில் பார்ப்பது கிரில் பெட்டிகளைத்தான். மேலே மெட்ரோ பாலம், கீழே பிரியாணிக் கடைகள், கடை வாசலில் ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வரிசை வரிசையாகக் கம்பியில் கோத்த கோழிகள் கொழுப்புச் சொட்டச் சுழல்கின்றன. பெட்டிக்குப் பின்னால் எரிவது எரிவாயு. பக்கத்திலேயே ஷவர்மாவுக்கு ஒரு செங்குத்துக் கம்பி. சற்று வசதியான கடை என்றால் தந்தூரி அடுப்பும், கரி நெருப்பின் மேல் அல்ஃபாம் கோழி சுட ஓர் இரும்புத் தொட்டியும் உண்டு. கால், அரை, முழு என்று கோழி விற்பனையாகிறது. கூடவே குபூஸ் ரொட்டியும் ஒரு சிறு கிண்ணம் மயோனைஸும் வரும்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இந்தக் கரைக்கு நெருப்பில் சுட்ட உணவு புதிதல்ல. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன்னால் அந்த நெருப்பு சாலையில் எரியவில்லை, மணலில் எரிந்தது. அதற்குக் கடை இல்லை, பலகை இல்லை, விலையும் பெரும்பாலும் இல்லை. கட்டுமரம் கரையேறியதும் பெரிய மீன்கள் ஏலத்துக்குப் போகும். கூடையின் அடியில் மிஞ்சுகிற சங்கரா, காரப்பொடி, கிழங்கான், கவலை போன்றவை வீட்டுக்கோ மணலிலேயே மூட்டிய தீக்கோ போகும். காய்ந்த தென்னை ஓலையும் சவுக்கு விறகும்தான் எரிபொருள். உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் இருந்தால் தடவுவார்கள். இல்லையென்றால் கடல்நீரின் உப்பே போதும். தோல் கருகும்வரை சுட்டு, கருகியதை உரித்தெறிந்துவிட்டு, உள்ளே வெந்த வெள்ளைச் சதையைப் பழைய சோற்றோடு சாப்பிடுவார்கள். மழைக்காலத்தில் மீனின் இடத்தைக் கருவாடு எடுத்துக்கொள்ளும். தணலில் போட்டுத் தட்டிச் சாம்பல் உதறிய கருவாட்டுக்கு வேறு குழம்பு தேவைப்படவில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் இந்த வழக்கத்துக்கு இன்னொரு வளமும் இருந்தது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலோடு கலக்கும் அந்த உப்பங்கழியில் மடவை, கொடுவா, இறால், பச்சை நண்டு ஆகியவை கிடைத்தன. முறை வைத்து மீன் பிடிக்கும் பாடு வழக்கத்தால் எல்லாக் குடும்பத்துக்கும் பங்கு வந்தது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடித்தவர்களும் உண்டு. அப்படிப் பிடித்த இறால் கரையில் சுட்டுத் தின்னவும் ஆயிற்று, கூடையில் ஏறி நகரத்துக்குப் போகவும் ஆயிற்று. அன்றைக்கு எது சுடப்படும் என்பதைக் கடலும் கழியும் தீர்மானித்தன. இன்று அதைத் தீர்மானிப்பது கடைச் சுவரில் ஒட்டிய விலைப்பட்டியல்.

தீ மூட்டிய அந்த மணலே இன்று பெருமளவு இல்லை. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் போடப்பட்டன. தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரமாக நகர்ந்து வந்த மணல் அந்த அணைகளில் தடுக்கப்பட்டு நின்றது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. வீடுகளையும் தெருக்களையும் கடல் கொண்டுபோனது. இருப்பதையாவது காப்பாற்றக் கருங்கற்கள் கொட்டப்பட்டன, கடலுக்குள் நீளும் தடுப்புகளும் கட்டப்பட்டன. எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவருக்கு இன்று பல இடங்களில் கடலுக்கும் சாலைக்கும் நடுவில் தெரிவது கற்குவியல்தான். படகை இழுத்து நிறுத்தவும், வலை உலர்த்தவும், மீன் சுடவும் பொதுவாக இருந்த இடம் அது. நெருப்பு சாலைக்கு ஏறியதற்கு ருசி மாறியது மட்டும் காரணமல்ல. காலூன்ற மணல் இல்லாமல் போனதும் ஒரு காரணம்.

கடலுக்கு முதுகு காட்டி நின்றது ஆலைகளின் உலகம். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிறகு டயருக்கு வந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் திருவொற்றியூருக்கு வந்தது. தீப்பெட்டி செய்த விம்கோ அவற்றுக்கெல்லாம் மூத்தது. இன்று ஒரு மெட்ரோ நிலையம் அதன் பெயரைச் சுமக்கிறது. அன்று ஷிஃப்டு முடிந்து சங்கு ஊதியதும் ஆலை வாயிலுக்கு வெளியே தள்ளுவண்டிகள் காத்திருக்கும். பம்ப் அடுப்பின் மேல் ஒரு தோசைக்கல், அதில் சிவக்கச் சிவக்க வறுபடும் மீன் துண்டு, தாளில் வைத்துக் கொடுத்தால் நின்றபடியே தின்று முடிக்கலாம். துண்டுக்குக் காசு, தின்றதற்குக் காசு. சம்பள நாளில் இரண்டு துண்டு, மாதக் கடைசியில் கணக்குச் சீட்டு. வண்டிக்காரருக்கு ஆலைக்காரரின் பெயரும் ஊரும் வீட்டு நிலவரமும் தெரிந்திருந்தன.

அந்த வண்டிகளைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வறுத்த மீனும் சுட்ட இறைச்சியும் பெரும்பாலும் சாராயக் கடைக்குப் பக்கத்திலேயே விற்றன. பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை. ஆலையில் உழைத்துவிட்டு வந்த பெண்ணோ, ஏலக்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக மீன் விற்ற பெண்ணோ சாலையில் உட்கார்ந்து சுடச்சுட ஒன்றைத் தின்ன இடம் இருந்ததில்லை. அவர்களுக்கென்று இருந்தது வீட்டு அடுப்பு மட்டுமே. அதையும் அவர்களே ஊத வேண்டியிருந்தது.

கோழியின் கதை வேறு. நாட்டுக்கோழி வளர ஐந்தாறு மாதம் ஆகும். அது தீபாவளிக்கும், மருமகன் வருகைக்கும், கோயில் படையலுக்கும் அறுபட்டது. அன்றாடம் உண்ணும் பொருளாக இருக்கவில்லை. மீன் அன்றாடம், கோழி விசேஷம் என்பதே கடலோரத்துக் கணக்கு. சென்னை உணவகங்களும் கோழியை நெருப்பில் நேராகக் காட்டுவதைவிட எண்ணெயில் பொரிப்பதையே விரும்பின. 1951-ல் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய புகாரி ஓட்டலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற சிக்கன் 65-ம் பொரித்த கோழிதான்.

நெருப்பில் நேராகச் சுட்ட கோழி வடக்கிலிருந்து இங்கே வந்தது. 1947 பிரிவினையில் பெஷாவரை விட்டு டெல்லி வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய மோத்தி மகால், தந்தூரி கோழியை நாடறியச் செய்தது. பஞ்சாபியர்கள் போன இடமெல்லாம் அந்த மண் அடுப்பும் போயிற்று. சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. மூட்டை தூக்கும் கைகளுக்கு வேலை குறையக் குறைய, டிரெய்லர் லாரிகள் பெருகின. துறைமுக வாயிலுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்ற வெளிமாநில ஓட்டுநர்களுக்கு ரொட்டியும் பருப்பும் தந்தூரியும் வேண்டியிருந்தன. மணலி, மாதவரம் பக்கத்து தாபாக்கள் அந்தத் தேவையை நம்பி நின்றன. முதலில் ஓட்டுநர்களுக்கென்று எரிந்த அடுப்பை உள்ளூர்க்காரர்களும் தேடி வரலானார்கள்.

வெளியிலிருந்து வரும் உணவைத் தனதாக்கிக்கொள்வது துறைமுக ஊரின் இயல்பு. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். 1969-ல் துறைமுகத்துக்கு எதிரே அவர்களுக்காகப் பர்மா பஜார் உருவாயிற்று. அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் இன்று வடசென்னைக்காரரின் சொந்த உணவாகிவிட்டன. அடுத்த தலைமுறை வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தது. அதோடு குபூஸும் ஷவர்மாவும் அல்ஃபாமும் கேரளம் வழியாகவும் நேராகவும் இங்கே வந்தன. பர்மாவிலிருந்து வந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். முதல் வகையினர் தள்ளுவண்டி போட்டார்கள். இரண்டாம் வகையினரில் பலருக்குக் கடையே போட முடிந்தது.

கண்ணாடிப் பெட்டி இங்கே பரவியதற்கு இன்னொரு காரணம் மேற்கு மாவட்டங்களில் இருக்கிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் வளர்ந்த கறிக்கோழிப் பண்ணைகள் குஞ்சும் தீவனமும் நிறுவனம் தர, உழவர் வளர்த்துத் தரும் ஒப்பந்த முறைக்கு மாறின. அங்கே ஒரு கோழி ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்குத் தயாராகிறது. பல்லடத்தில் அறிவிக்கப்படும் பண்ணை விலையைப் பார்த்தே திருவொற்றியூர்க் கடைக்காரர் மறுநாளுக்குச் சொல்லி வைக்கிறார். ஐந்தாறு மாதம் ஐந்தாறு வாரமாகச் சுருங்கியபோது விசேஷ உணவு அன்றாட உணவாயிற்று. மீன் எதிர்த்திசையில் போனது. வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் நாள்கள் இன்று சாதாரணம். மீனவர் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கிரில் கோழி வாங்குவது வஞ்சிரம் வாங்குவதைவிடச் சிக்கனம். கடலோரத்துப் பழைய கணக்கு முழுக்கத் தலைகீழாகிவிட்டது.

நெருப்பும் ஊர் மாறியிருக்கிறது. அன்று எரிந்தது கரையில் பொறுக்கிய ஓலையும் மீஞ்சூர்ப் பக்கத்துச் சவுக்கும். இன்று தந்தூரிக்கும் அல்ஃபாமுக்கும் வேண்டிய மரக்கரி ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலிருந்து மூட்டையாக வருகிறது. வறண்ட அந்த நிலத்தில் தானே பரவிய சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈர மண் பூசி, காற்றுப் புகாமல் பல நாள் மெதுவாகப் புகையவிடுவார்கள். அதற்கு மூட்டம் என்று பெயர். வைத்த விறகின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே கரியாக மிஞ்சும். மூட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் புகையும் வெம்மையும் கரித்தூளும்தான் காற்று. ஏ.சி. அறையில் உட்கார்ந்து சுட்ட கோழியைப் பிய்க்கிறவர்கள் இந்தக் கைகளை நினைத்துப் பார்க்க வாய்ப்பில்லை. ஓலை பொறுக்கிய காலத்தில் நெருப்பு மூட்டியவரும் சுட்டவரும் தின்றவரும் ஒருவரே. இன்று இம்மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

இந்த மாற்றத்தில் கிடைத்தவை சிறியவை அல்ல. முதலாவது, குடும்பம் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. இரவு எட்டு மணிக்கு அம்மாவும் பிள்ளைகளும் பாட்டியும் ஒரே மேசையில் அமர்ந்து, தாம் சமைக்காத உணவை, பிறர் பரிமாறத் தின்பது இந்தப் பகுதிப் பெண்களின் முந்தைய தலைமுறைக்கு வாய்க்காத ஒன்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்த பிறகு, நகரத்தின் தெற்கிலிருந்துகூட இங்கே சாப்பிட வரலாம், இங்கிருந்து அங்கே போகவும் செய்யலாம். வேலையும் பெருகியது. அடுப்படியில் உள்ளூர்ப் பையன்களோடு ஒடிசா, அசாம், மேற்கு வங்கத்து இளைஞர்கள் நிற்கிறார்கள்; அவர்கள் அனுப்பும் பணத்தில் தொலைவில் சில வீடுகளில் அடுப்பு எரிகிறது.

சுத்தத்துக்கும் ஒரு கணக்கு வந்திருக்கிறது. 2011-ல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தள்ளுவண்டிக்கும் பதிவு, கடைக்கு உரிமம், சுவரில் எண். மணலில் சுட்ட மீனுக்கு இந்தக் காவல் தேவைப்பட்டதில்லை. பிடித்த சில மணி நேரத்தில் அது நெருப்பைக் கண்டது, சுட்ட கையோடு வயிற்றுக்கும் போனது. கோழி அப்படியல்ல. அறுத்து, குளிர்வித்து, மசாலாவில் ஊறி, கம்பியில் ஏறிக் காத்திருக்கிறது. ஷவர்மாக் கம்பியில் வெளிப்புறம் வெந்தும் உட்புறம் வேகாமலும் இருக்கும். கூட்டம் நெருக்கும்போது அவசரமாக ஆழச் சீவினால் வேகாதது தட்டுக்கு வந்துவிடும். இறைச்சியின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் கிருமி சாகும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். 2025 ஏப்ரலில் தமிழக அரசு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. நெருப்புக்கும் வாய்க்கும் இடையில் தூரம் கூடினால் சட்டமும் கூடத்தான் வேண்டும்.

இதே வரிசையில் கடைசியாக வந்தது மேசையிலேயே கனல் வைக்கும் பார்பிக்யூ. 2006-ல் மும்பையில் தொடங்கிய பார்பிக்யூ நேஷன் இந்த முறையை நகரங்கள்தோறும் கொண்டுபோனது. மேசை நடுவில் ஒரு குழி, அதில் கரித் தொட்டி, மேலே குச்சியில் கோத்த இறால், மீன், கோழி, பன்னீர், அன்னாசி. தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் போதும் போதும் என்னும்வரை வரும். சாப்பிடுகிறவர் குச்சியைத் தாமே திருப்பலாம், எண்ணெய் தடவலாம். வடசென்னை இளைஞர்கள் முதல் சம்பளத்துக்கும் நண்பனின் திருமணத்துக்கும் சேர்ந்து போவது இத்தகைய இடங்களுக்கு. வட்டமாக உட்கார்ந்து நடுவில் நெருப்பு வைத்துத் தாமே சுட்டுத் தின்னும் அந்தப் பழக்கம் இவர்களுடைய தாத்தாக்களுக்குக் காசில்லாமல் கிடைத்தது. பேரப்பிள்ளைகள் அதை முன்பதிவு செய்து பெறுகிறார்கள். அவர்கள் மகிழ்ச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குச்சியில் கோத்த இறால் எந்த நீரில் வளர்ந்தது என்று கேட்டால், எண்ணூர்க் கழியில் என்று சொல்ல இன்று யாராலும் முடிவதில்லை.

பேரிழப்பு அங்கேதான் நேர்ந்தது. 1970-ல் எண்ணூர் அனல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட் திறனுள்ள அது 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 1990-களின் நடுவில் 630 மெகாவாட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் வந்தது. பின்னர் அதில் 1,200 மெகாவாட் கூடியது. வல்லூரில் 1,500 மெகாவாட். அனல் மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய காமராஜர் துறைமுகம். நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. ராயபுரத்து வீட்டுச் சுவர்களில் படிந்த கரித்தூள் குறைந்தது, சுமை எண்ணூருக்குப் போனது. நகரத்துக்கு மின்சாரம் கிடைத்தது. கழிக்குச் சாம்பலும் வெந்நீரும் கிடைத்தன. சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடங்களில் படகு தட்டுகிறது, நண்டும் இறாலும் அருகிவிட்டன. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோது இந்தக் கரை மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியையும் படகையும் வலையையும் வீட்டையும் ஒருசேரப் பூசியது.

ஆழ்கடல் மீனுக்கு வந்த நெருக்கடி வேறு வகை. 1984-ல் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வந்ததும் விசைப்படகுகள் பெருகின. பிடிப்பு பெருகியது, ஏற்றுமதியும் பெருகியது. 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கட்டுமரக் காலத்தில் கடல் தானே ஓய்வு எடுத்துக்கொண்டது. இன்று அதற்கு அரசாணை வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு மாதமும் கிரில் பெட்டி ஒரு நாள்கூட நிற்பதில்லை.

ஆக, இரு காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தராசு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. அன்று உணவு கிட்டத்தில் இருந்தது. அதைத் தின்னும் உரிமை சிலருக்கே இருந்தது. இன்று உணவு தொலைவிலிருந்து வருகிறது. காசுள்ள எவரும், பெண்ணும் குழந்தையும் உட்பட, உட்கார்ந்து தின்னலாம். இந்த இரண்டாவது மாற்றம் வந்ததற்கு மகிழ வேண்டும், அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் இந்த நன்மைக்கு எண்ணூர்க் கழியை விலையாகக் கொடுத்திருக்கத் தேவையே இல்லை. பெண்கள் சாலையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் ஆற்றில் சாம்பல் கொட்டுவதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால், வளர்ச்சி என்றால் இப்படித்தான் என்று நாம் நம்பிவிட்டோம்.

எண்ணூர்ப் பகுதியில் சாம்பலால் கெட்டுப்போன நீர்நிலத்தை மீட்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் சொல்லியிருக்கிறது. அந்த வேலை முடியும்வரை அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பது கழியில் வலை வீசுகிறவர்களின் வேலை மட்டுமல்ல. அந்த மின்சாரத்தில் விளக்கெரியும் ஒவ்வொரு வீட்டின் வேலையும்தான். அடுத்த முறை இந்தப் பகுதியில் சுட்ட மீன் கேட்கும்போது, அது எந்தத் தண்ணீரில் பிடிபட்டது என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் ‘எண்ணூர்’ என்று வரும் நாளைக் கொண்டுவர வேண்டியது நம் எல்லோருடைய பொறுப்பு.